ஃப்ரீ சர்வீஸா, தட்கலா, சோலாரா: தோட்டத்துக்கு மோட்டார் போடறதுக்கு முன்னாடி

மோட்டார் ஏத்தறது, இறக்கறது, காயில் கட்டறது, இதுதானுங்க என்ர சோலி. அதனால கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, எழவு வீட்டுக்குப் போனாலும் சரி, கை கழுவற எடத்துல ஒருத்தர் புடிச்சுக்குவாரு, "புதுசா பூமி வாங்கிருக்கறனுங்க, கரண்டுக்கு என்ன பண்றது?"ன்னு. போன மாசம் மச்சினனே போன் பண்ணிட்டான். சென்னிமலைப் பக்கம் அஞ்சு ஏக்கர் வாங்கிருக்கறான், ஒரு பழைய கெணறு இருக்குது, போர் இல்ல. "ஏனுங் மாமா, ஃப்ரீ சர்வீஸுக்கு எழுதி வெச்சுட்டு உக்காந்திருக்கறதா, தட்கல்ல பணத்தக் கட்டறதா, இல்ல சோலாரப் போட்டுட்டு ஈபி ஆபீஸ் பக்கமே போகாம இருந்துக்கறதா?"ன்னு கேக்கறான். ஃப்ரீ சர்வீஸ்னா பில்லு இல்லாத விவசாய கரண்ட் இணைப்பு, தட்கல்னா காசு கட்டி அதையே வரிசையில நிக்காம வாங்கறது. போன்ல சொன்னா பாதி மறந்துருவான், அதனால எழுதறேன், மத்தவங்களுக்கும் ஆகட்டும்.

பில்லு இல்லேன்னா எவ்வளவு மிச்சம்

வீட்டுக்காரங்க ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கட்றாங்க, மில்லுக்காரங்க மாசாமாசம் கட்றாங்க, தோட்டத்துக்காரங்க கட்டறதில்ல. தமிழ்நாட்டுல 23 லட்சம் சொச்சம் விவசாய சர்வீஸ் இப்படி ஓடுது. இது யாரோ மனசு எரங்கி குடுத்தது இல்லைங்க. 1970-ல பெருமாநல்லூர்ல கரண்ட் ரேட்ட ஏத்துனதுக்கு நடந்த போராட்டத்துல துப்பாக்கிச் சூடு, மூணு விவசாயிங்க செத்தாங்க. 1972-ல விவசாய சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துல கட்டை வண்டியப் பூட்டிட்டு கோயமுத்தூருக்குள்ள போயி ரோட்டையே அடைச்சாங்க. அதுக்கப்பறம் 1984-ல சிறு விவசாயிங்களுக்கு, 1990-ல எல்லாத்துக்கும்னு பில்லு போச்சு. என்ர அப்பாரு இன்னிக்கும் மோட்டார் போடறப்ப பெருமாநல்லூர் பேச்ச எடுக்காம இருக்க மாட்டாரு.

சரி, கணக்குக்கு வருவோம். 7.5 எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடுனா ஏழு யூனிட்ட ஒட்டி இழுக்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வருசத்துல 200 நாள் ஓட்டறீங்கன்னா 8,400 யூனிட். யூனிட் எட்டு ரூபான்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க, வருசத்துக்கு 67,000 ரூபா. இந்த 67,000தான் நமக்கு விட்டுக்குடுக்கற காசு. இத வாங்கறதுக்கு நீங்க எத்தனை வருசத்தையும் எத்தனை ரூபாயையும் குடுக்கறீங்கங்கறதுதான் மீதிக் கதை.

மொதல்ல எதைப் பாக்கோணும்

வர்றவங்க எல்லாம் மொதல்ல கேக்கறது "எது சீப்பு?"ங்கறது. நான் திருப்பிக் கேக்கறது "தண்ணி எத்தனை அடியில?"ங்கறது. பாதிப் பேருக்குத் தெரியறதில்ல. பூமி வாங்கறப்ப வாஸ்து பாத்திருப்பாங்க, ரோட்டுப் பாத்தியம் பாத்திருப்பாங்க, கெணத்துக்குள்ள கயிறு விட்டுப் பாத்திருக்க மாட்டாங்க.

ஏன் அது முக்கியம்னா, அதே 5 எச்பி மோட்டார் 75 அடிக் கெணத்துல மணிக்கு 25,000 லிட்டருக்கு மேல தள்ளும், 600 அடி போர்ல போட்டா 4,000 லிட்டர் வந்தாலே பெருசு, 1,000 அடிக்குப் போனா 2,000 சொச்சம்தான். மோட்டார் மேல தப்பில்ல, ஆழம் அப்படி. நம்ம அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கமெல்லாம் 800 அடி 1,000 அடிங்கறது சர்வ சாதாரணம், அங்க நின்னுக்கிட்டு தஞ்சாவூர்க்காரன் போட்ட சோலார் வீடியோவப் பாத்து முடிவு பண்ணக்கூடாது.

ரெண்டாவது, பயிரு. ஒரு ஏக்கர்ல அஞ்சு மில்லிமீட்டர் தண்ணி நிக்கறதுன்னா 20,000 லிட்டர். வெயில் காலத்துல மஞ்சளுக்கும் வாழைக்கும் ஒரு நாளைக்கு அந்த மாதிரி ஒரு அளவு வேணும். தென்னை வேற மாதிரி, ஏக்கருக்கு 70 மரம், சொட்டு நீர் போட்டா மரத்துக்கு 70, 80 லிட்டர்ல ஓட்டிரலாம், அதாவது ஏக்கருக்கு 6,000 லிட்டருக்குள்ள. மூணாவது, கையில இருக்கற காசு, அது சொந்தக் காசா, நகைய வெச்ச காசாங்கறது. நாலாவது பேப்பர்: பட்டா தனியா, கூட்டுப் பட்டாவா, கெணத்துல எத்தனை பேருக்குப் பங்கு, எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்களா. அஞ்சாவதா ஒண்ணு இருக்குது, உங்களுக்குக் காத்திருக்கற வயசா? 62 வயசுக்காரருக்கும் 30 வயசுக்காரனுக்கும் ஒரே பதில் ஆகாதுங்க.

சாதா வரிசை: ஃப்ரீ சர்வீஸுக்கு எழுதி வெக்கறது

இதுல பணம் அவ்வளவா இல்ல. வி.ஏ.ஓ. கிட்ட நிலத்துக்கும் கெணத்துக்கும் சான்று வாங்கி, பட்டா, வரைபடம் எல்லாம் வெச்சுப் பதிஞ்சா தேதிப்படி ஒரு முன்னுரிமை வரும். அதுக்கப்பறம் காலம்தான் வேலை செய்யோணும். இடையில பத்தாயிரம், இருபத்தஞ்சாயிரம், அம்பதாயிரம் திட்டம்னு காசு கட்டி வேற வரிசையில நிக்கற முறையும் இருந்துச்சு, அதுல நின்னவங்களும் காத்துத்தான் கெடந்தாங்க.

எங்க அப்புச்சி, அம்மாவோட அப்பா, 2003-ல பதிஞ்சாரு. வருசா வருசம் ஆடி பதினெட்டுக்குப் போறப்ப, "இந்த வருசம் வந்துரும் கண்ணு"ன்னு சொல்லுவாரு. 2021-ல ஒரு லட்சம் சர்வீஸ் குடுக்கறோம்னு அரசாங்கம் சொன்னப்பதான் அவரு நம்பருக்கு முறை வந்துச்சு, கடுதாசி வந்தப்ப அப்புச்சி போயி ரெண்டு வருசம் ஆயிருச்சு. வாரிசு அஞ்சு பேரு. நாலு பேரு ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டாங்க, அஞ்சாவது சித்தி பெங்களூருல இருக்கறாங்க, அவங்களுக்கு பாகம் பிரிச்சதுல ஒரு பழைய மனத்தாங்கல், "வர்றேன் வர்றேன்"னு நாலு மாசம் இழுத்தாங்க. கடைசியில அம்மிச்சி பேர்ல மாத்தி வாங்கறதுக்குள்ள எங்க மாமா எறங்காத ஆபீஸ் இல்ல, ஏறாத படி இல்ல.

இந்த ஒரு லட்சத்துக்கு அப்பறம் அடுத்த வருசம் இன்னொரு 50,000 குடுத்தாங்க, அரவக்குறிச்சியில வெச்சு ஆரம்பிச்சாங்க. அதனால வரிசை நகரவே இல்லேன்னு சொல்ல மாட்டேன், ஆனா அது எப்ப நகரும்னு தேர்தலத்தான் கேக்கோணும்.

மறைஞ்சிருக்கற செலவு ரெண்டு. ஒண்ணு, முறை வர்றப்ப நீங்க தயாரா இருக்கோணும், மோட்டார், ஸ்டார்ட்டர், கெபாசிட்டர் எல்லாம் மாட்டி காட்டோணும், எழுதி வெச்ச நாள்ல இருந்த கெணறு அந்த நாள்ல வத்தாம இருக்கோணும். இன்னொண்ணு பெருசு: அந்தக் காலம் பூரா பூமி மானாவாரியாவே கெடக்குது. ஏக்கருக்கு வருசத்துக்கு முப்பதாயிரம் மிச்சமாகற ஒரு பயிரக்கூட பத்து வருசம் விட்டீங்கன்னா ஏக்கருக்கு மூணு லட்சம். ரசீது வராத செலவுங்கறதால யாரும் எழுதி வெக்கறதில்ல.

இது யாருக்கு ஆகும்: வேற எடத்துல தண்ணி இருக்கறவங்களுக்கு, இந்தப் பூமி ரெண்டாவது பூமியா இருக்கறவங்களுக்கு, வயசுப் பசங்களுக்கு. எழுதி வெக்கறதுல நட்டமில்ல. நம்பி உக்காந்திருக்கறதுலதான் நட்டம்.

தட்கல்: காசக் குடுத்து வரிசையத் தாண்டறது

தட்கல்ல 5 எச்பிக்கு 2.5 லட்சம், 7.5க்கு 2.75 லட்சம், 10க்கு 3 லட்சம், 15 எச்பிக்கு 4 லட்சம்னு வெச்சாங்க. கட்டுனா வரிசையில நிக்காம சர்வீஸ், அதுக்கப்பறம் ஃப்ரீ கரண்டுதான். இது எல்லா நாளும் தொறந்து கெடக்காது, அறிவிக்கறப்பத்தான், அதனால ரேட்டையும் தேதியையும் உங்க செக்ஷன் ஆபீஸ்ல ஒருக்கா கேட்டுட்டு நகைய எடுங்க.

மேல சொன்ன 67,000 கணக்க வெச்சுப் பாத்தா 2.75 லட்சம் நாலு வருசத்துல திரும்பிருது. டீசல் எஞ்சின்ல ஓட்டிட்டு இருக்கறவங்களுக்கு இன்னும் சீக்கிரம், 5 எச்பி எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்குது, எட்டு மணி நேரம் ஓட்டுனா எழுநூறுக்கு மேல போச்சு. ஆனா நகைக் கடன்ல கட்டறீங்கன்னா ஒம்போது வட்டிக்கே வருசத்துக்கு 25,000 ரூபா போகும். அப்ப உங்க ஃப்ரீ கரண்டுக்கு மாசம் ரெண்டாயிரம் பில்லு வருதுன்னு அர்த்தம், ஈபிக்குப் போகாம பேங்குக்குப் போகுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் கேளுங்க. இந்தக் காசுல மோட்டார் வராது, கேபிள் வராது, போர் வராது. எச்பிய கம்மியாப் போட்டுட்டு பொறவு ஏத்திக்கலாம்னு நெனைக்காதீங்க, ஏத்தறதுக்கு மறுபடியும் எழுதோணும், மறுபடியும் கட்டோணும். டிரான்ஸ்பார்மருக்குக் கடைசிக் கோடியில உங்க காடு இருந்துச்சுன்னா வோல்டேஜ் கம்மியாத்தான் வரும். எனக்கு வர்ற காயில்ல முக்காவாசி அந்தக் கடைசிக் கோடிக்காரங்களுதுதான், சித்திரை மாசம் எல்லாரும் ஒட்டுக்கா மோட்டாரப் போடறப்ப கருகிட்டு வரும். தொறந்து பாத்தா வார்னிஷ் கருகுன வாசம் மூக்க அடிக்கும், கம்பி கறுப்பா நூல் மாதிரி உதுரும். 1,000 அடி போர்ல இருந்து மோட்டார ஏத்தி, காயில் கட்டி, இறக்கறதுன்னா இருபதாயிரத்தச் சொளையா எண்ணி வெக்கோணும், அதுல எனக்கு வர்றது கொஞ்சந்தான், மீதி வண்டிக்கும் ஆளுக்கும்.

அப்பறம் ராத்திரி முறை. கரண்ட் ஷிப்ட்டுல வந்தா ரெண்டு மணிக்கு டார்ச் லைட்ட எடுத்துட்டு இட்டேரியில நடக்கோணும், பாம்பு பூச்சி எல்லாம் இருக்குது. இப்ப மொபைல் ஸ்டார்ட்டர் வந்துருச்சு, வீட்டுல படுத்துட்டே போடலாம், அது பரவால்ல.

ஒரு எச்சரிக்கை, இது தட்கலுக்கும் சாதாவுக்கும் பொது. ஃப்ரீ கரண்ட் பாசன மோட்டாருக்குன்னு குடுக்கறது. எங்கூர்ல ஒருத்தரு ஸ்டார்ட்டர் பெட்டியில இருந்தே கோழி ஷெட்டுக்கு ஒயர இழுத்தாரு, அதும் அழகா மண்ணுக்குள்ள பொதைச்சு. பறக்கும் படை வந்து கணக்குப் போட்டதுல மூணு பேட்ச் கோழி வித்த காசு போச்சு. தண்ணிய லாரிக்கு விக்கறதும் அதே கதிதான். பண்ணைக்கும் காட்டு வீட்டுக்கும் தனி சர்வீஸ் எடுத்துக்குங்க.

யாருக்கு ஆகும்: போர் 600, 700 அடிக்கு மேல ஆழமா இருக்கறவங்க, மஞ்சள், வாழை, காய்கறின்னு தண்ணி குடிக்கற பயிரு வெக்கறவங்க, சொந்தக் காசு இருக்கறவங்க. தண்ணி நிக்குமாங்கறதே சந்தேகமா இருந்தா மொதல்ல போர ஓட்டிப் பாருங்க, அப்பறம் தட்கல். திருப்பிப் போட்டவங்க மூணு பேர எனக்குத் தெரியும், சர்வீஸ் கம்பம் ஜம்முனு நிக்குது, போர்ல புகை வருது.

சோலார்: பில்லும் இல்ல, வரிசையும் இல்ல

வேளாண்மைப் பொறியியல் துறையில எழுதிக் குடுத்தா பிஎம் குசும்ங்கற மத்திய அரசு சோலார் பம்புத் திட்டத்துல பொதுவா 60 சதவீதம் மானியம், மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி. சில பிரிவு விவசாயிங்களுக்கு அதுக்கு மேலயும் உண்டு. செட்டு மூணு லட்சம்னு வெச்சா உங்க கையில இருந்து 1.2 லட்சம். தட்கல்ல பாதிகூட இல்ல, மோட்டாரும் இதுக்குள்ளேயே வந்துருது, அஞ்சு வருசம் பராமரிப்பும் கம்பெனிக்காரன் தலையில.

எனக்கு ஆரம்பத்துல சோலார் மேல நம்பிக்கை இல்ல, காயில் கட்டறவன் எப்படி நம்புவான் சொல்லுங்க. ஆனா எங்க தோட்டத்துக்கே 2022-ல ஒண்ணு போட்டேன், 70 அடிக் கெணறு, 5 எச்பி, ரெண்டரை ஏக்கர் தென்னை. பொழுது ஏறி ஒம்போதரைக்கு மெதுவா முனக ஆரம்பிக்கும், பத்தே காலுக்கு கொழாய் பூரா தண்ணி, மூணு மணிக்கு மேல மறுபடியும் எளைச்சுரும். அந்த அஞ்சு மணி நேரம் தென்னைக்குத் தாராளம். ராத்திரி நிம்மதியாத் தூங்கறேன்.

தொந்தரவு இல்லாம இல்ல. மொதல் தொந்தரவு மயிலு. நம்ம பக்கம் மயிலு எத்தனைன்னு உங்களுக்கே தெரியும், காத்தால பேனல் மேல ஏறி நின்னு தோகைய ஆத்துது, கழிஞ்சும் வெக்கிது, அது காஞ்சு வெள்ளையா ஒட்டிக்கும். வாரத்துக்கு ரெண்டு நாள் மாப்ப எடுத்து தொடைச்சுவிடோணும், இல்லேன்னா தண்ணி கொறையறது கண்ணுக்கே தெரியும். ரெண்டாவது நெழலு. மாட்ட வந்தவங்க கெழக்கால பாத்த எடத்துல நட்டுட்டுப் போயிட்டாங்க, பக்கத்துல இருந்த ரெண்டு தென்னையோட நெழலு பதினோரு மணி வரைக்கும் பேனல் மேல விழுந்துச்சு, கேட்டா "மரத்த வெட்டிருங்க"ங்கறாங்க. முப்பது வருச மரம்ங்க. கடைசியில என்ர செலவுல பேனல கழட்டி அக்கட்டால நட்டோம்.

மூணாவது ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாயில இருந்து காத்தும் மேகமும் வரும், மழை மட்டும் வராது. பூமி காய்ஞ்சு கெடக்கும், மேல மேகம் ஓடிட்டே இருக்கும், மோட்டார் இருமி இருமி ஓடும். மஞ்சள் வெச்சவங்களுக்கு அந்த மாசம் வெசனம்தான். அதும்போக ஆள் இல்லாத காட்டுல கேபிள் திருட்டு ஒண்ணு இருக்குது.

பேப்பர்ல ஒரு விசயம். நீங்க ஏற்கனவே ஃப்ரீ சர்வீஸுக்கு எழுதி வெச்சிருந்தீங்கன்னா, சோலாருக்குக் கையெழுத்துப் போடற காயிதத்துல வரிசையில இருக்கற முன்னுரிமைய விட்டுக்குடுக்கறதா ஒரு வரி இருக்குதான்னு படிச்சுட்டு அப்பறம் போடுங்க. பத்து வருசம் நின்ன வரிசைய ஒரு வரியில விட்டுட்டு வந்துராதீங்க.

யாருக்கு ஆகும்: தண்ணி 150 அடிக்குள்ள இருக்கற கெணறு, தென்னை, சொட்டு நீர். 600 அடி போர்னாலும் மூணு ஏக்கர் தென்னைக்கு இழுத்துப் புடிச்சு ஓட்டிரலாம், 1,000 அடின்னா விட்டுருங்க.

பக்கத்துத் தோட்டத்துல பங்கு, டீசல், சும்மா விடறது

பங்காளி கெணத்துல பங்கு இருந்தா முறை வெச்சு எறைச்சுக்கலாம், செலவே இல்ல. ஆனா முறை தண்ணிச் சண்டையில பேச்சு வார்த்தை நின்னு போன அண்ணன் தம்பிகள நான் நெறையப் பாத்திருக்கறேன், மோட்டார் ரிப்பேர் ஆனா யாரு காசு குடுக்கறதுன்னு என்ர கடை வாசல்லயே சண்டை நடந்திருக்குது. டீசல் ஒரு சீசன தாண்டறதுக்கு மட்டும்.

காங்கேயம் பக்கத்து கொறங்காடா, அதான் மேய்ச்சல் காடா இருந்தா நான் ஒண்ணே ஒண்ணு கேப்பேன், சர்வீஸ் எதுக்குங்க? கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் மழைக்கே வளருது, மாட்டுக்கும் ஆட்டுக்கும் தொட்டி ரொப்பறதுக்கு ஒரு எச்பி சோலார் போதும்.

ஒரே பார்வையில

| | சாதா வரிசை | தட்கல் | சோலார் |
|---|---|---|---|
| கைக்காசு | கம்மி | 2.5 முதல் 4 லட்சம், மோட்டார் தனி | செலவுல 40 சதவீதம், மோட்டார் உட்பட |
| காத்திருப்பு | வருசக் கணக்கு | அறிவிச்சாச்சுன்னா சீக்கிரம் | மானியம் வர்ற வரைக்கும் |
| பில்லு | இல்ல | இல்ல | இல்ல |
| ஆழமான போர் | ஆகும் | ஆகும் | 600 அடிக்கு மேல கஷ்டம் |
| ராத்திரி, மேக மூட்டம் | ஓடும் | ஓடும் | ஓடாது, எளைக்கும் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | விட்ட வெள்ளாமை | வட்டி, காயில் | மயிலு, நெழலு, ஆடி |

வாய்க்கால் ஒட்டி பூமி இருக்கறவங்க, கீழ்பவானியோ பிஏபியோ (பரம்பிக்குளம் ஆழியாறு), கெணத்துக்கும் வாய்க்காலுக்கும் எத்தனை தூரம்னு மொதல்லயே அளந்துக்குங்க, கரண்ட் கேக்கறப்ப தடையில்லாச் சான்று பேச்சு வரும்.

அன்னூர், அவிநாசி, பெருந்துறைப் பக்கத்துக்காரங்களுக்கு ஒரு புது விசயம். அத்திக்கடவு அவிநாசி திட்டம் 2024 ஆகஸ்ட்ல ஓட ஆரம்பிச்சுது, 1,045 குளம் குட்டைக்குத் தண்ணி. குளத்துக்குப் பக்கத்துல பூமி இருந்தா அதுக்கு முன்னாடி பாத்த கெணத்து ஆழத்த நம்பாதீங்க, மறுபடியும் பாருங்க. 15 எச்பி தட்கல் கட்டலாம்னு வந்த ஒருத்தரத் திருப்பி அனுப்பி இன்னொருக்கா அளக்கச் சொன்னேன், இப்ப அவரு ஏழரைல யோசிச்சுட்டு இருக்கறாரு.

மச்சினனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: சாதா வரிசையில இன்னிக்கே எழுதி வெய்யி, கெணத்த அளந்துட்டு சோலாரா தட்கலான்னு பேசிக்கலாம். போன ஞாயித்துக்கெழமை பொழுதோட கயித்துல கல்லக் கட்டி விட்டுட்டு அங்கிருந்தே போன் பண்ணுனான், 48 அடியில தண்ணி, கல்லு அடி தொட்டது 90ல. "அப்ப சோலாரே போட்டர்லாமுங்களா மாமா?"ன்னான். இப்பத்தான்டா மழை நின்னுது, சித்திரையில மறுபடியும் கயித்த விட்டுட்டுப் பேசுன்னேன். "அதுக்குள்ள மானியம் முடிஞ்சிருச்சுன்னா?"ங்கறான். எழுதிக் குடு, எழுதறதுக்குக் காசில்லேன்னு சொல்லிருக்கறேன்.